ஸ்காபரோவில் இலவசத் தொலைக்காட்சிக்கு வீட்டிலேயே அன்ரெனா செய்வது: பழைய அளவுகள் இன்றும் பொருந்துமா?

ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் இரண்டு மாடி வீடொன்றில் பெற்றோருடனும் பிள்ளைகளுடனும் வசிக்கிறேன். கேபிள் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. அந்தப் பொதியில் வரும் சேனல்களில் எங்கள் வீட்டில் பார்ப்பவையோ ஒரு சிலதான். ஆகவே கேபிளை நிறுத்திவிட்டு, வான்வழியே இலவசமாக வரும் நிலையங்களை மட்டும் அன்ரெனா மூலம் எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்திருக்கிறோம். தமிழ் நிகழ்ச்சிகளை இணையத்தில் பார்த்துக்கொள்கிறோம். அப்பாவுக்குச் செய்தியும் சனிக்கிழமை இரவு ஹொக்கியும், அம்மாவுக்கு அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ்.ஸின் சமையல் நிகழ்ச்சிகளும், பிள்ளைகளுக்கு ஏரிக்கு அப்பால் அமெரிக்காவிலுள்ள பஃபலோ நகரின் பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டங்களும் கிடைத்தால் எங்களுக்குப் போதுமானது.

இப்போது தொலைக்காட்சிக்குப் பின்னால் சிறிய இரட்டைக் கம்பி அன்ரெனா ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் சி.பி.சி. 5.1, குளோபல் 41.1, சிற்றி 57.1, ஒம்னி 47.1 ஆகியவை கண்ணாடிபோலத் தெளிவாக வருகின்றன. சி.ரி.வி. 9.1 இடையிடையே கட்டம் கட்டமாக உடைகிறது. பஃபலோ நிலையங்களில் ஃபொக்ஸ் 29.1 சில இரவுகளில் மட்டும் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுகிறது. மற்றவை பட்டியலிலேயே இல்லை.

இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் செய்முறை ஒன்றைப் பார்த்தேன். ஒரு மரப்பலகையில் 'வி' வடிவில் வளைத்த எட்டுக் கம்பிகளை நான்கு அடுக்காகப் பொருத்தி, நடுவே இரண்டு கம்பிகளால் இணைக்கும் முறை அது. ஒவ்வொரு கையும் 7 அங்குலம், அடுக்குகளுக்கு இடையே 5¾ அங்குலம் என்று அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். உடுப்புக் கொழுவியின் கம்பியே போதும் என்றும் சொல்கிறார்கள். இந்த அளவுகள் இன்றைய ஒளிபரப்புக்கும் பொருந்துமா? ரொறன்ரோ நிலையங்கள் ஒளிபரப்பாகும் சி.என். கோபுரத்தையும் பஃபலோவையும் ஒரே அன்ரெனாவால் பிடிக்க முடியுமா? செய்து பார்த்தவர்கள் யாராவது விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

செம்புக்கம்பி எழுதியது:

வணக்கம் ஏரிக்கரை. முதலில் அளவைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு இந்த அன்ரெனா சரிவராமல் போவது அங்கேதான்.

நீங்கள் பார்த்த செய்முறை பிழையானதன்று. அது வேறொரு காலத்துக்கு உரியது. யூ.எச்.எஃப். என்னும் உயர்ந்த அலைப்பட்டையில் வரும் தொலைக்காட்சி ஒரு காலத்தில் 470 முதல் 806 மெகாஹேர்ட்ஸ் வரை, அதாவது 14ஆம் அலைவரிசையிலிருந்து 69 வரை பரந்திருந்தது. அமெரிக்கா 2009 யூன் 12ஆம் நாளும், கனடாவின் பெருநகரங்கள் 2011 ஆகஸ்ட் 31ஆம் நாளும் எண்ம ஒளிபரப்புக்கு மாறியதை அடுத்து மேல்பகுதி வெட்டப்பட்டு 51 வரை சுருங்கியது. பின்னர் 600 மெகாஹேர்ட்ஸ் பகுதியும் கைத்தொலைபேசி நிறுவனங்களுக்குப் போனதால், இன்று யூ.எச்.எஃப். தொலைக்காட்சி 14 முதல் 36 வரை, 470 முதல் 608 மெகாஹேர்ட்ஸ் வரை மட்டுமே இருக்கிறது. திரையில் தெரியும் 41.1, 57.1 போன்றவை பார்வையாளரின் பழக்கத்துக்காக வைத்திருக்கும் பெயரளவிலான எண்கள்தான். உண்மையான அலைவரிசை எண் வேறு.

இப்போது கணக்கைப் பாருங்கள். 540 மெகாஹேர்ட்ஸ் என்பது இன்றைய பட்டையின் நடுப்பகுதி. அதன் அலைநீளம் ஏறத்தாழ 55 சென்ரிமீற்றர், அதில் பாதி 28 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 5¾ அங்குலம் என்பதோ 14.6 சென்ரிமீற்றர், அது ஆயிரம் மெகாஹேர்ட்ஸ் அலையின் பாதி. அந்த அளவில் செய்த அன்ரெனா இன்று கைத்தொலைபேசி அலைகள் ஓடும் பகுதியில் நன்றாக வேலை செய்துவிட்டு, உங்களுக்கு வேண்டிய இடத்தில் சோர்ந்துபோகும். ஆகவே ஒவ்வொரு கையையும் 24 அல்லது 25 சென்ரிமீற்றராகவும், அடுக்குகளுக்கு இடையிலான தூரத்தை 24 சென்ரிமீற்றராகவும் வைத்துக்கொள்ளுங்கள். 50 சென்ரிமீற்றர் கம்பியை நடுவில் வளைத்தால் ஒரு 'வி' கிடைக்கும். அதன் திறந்த முனைகள் சுமார் 10 சென்ரிமீற்றர் விலகியிருக்கட்டும். அடுக்குக்கு இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்றாக எட்டு 'வி' வேண்டும். பலகை 90 சென்ரிமீற்றர் இருந்தால் போதுமானது.

நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு இணைப்புக் கம்பிகளில்தான் கவனம் வேண்டும். அவற்றுக்கிடையே 4 முதல் 5 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். முதலாம் அடுக்குக்கும் இரண்டாம் அடுக்குக்கும் இடையே அவை ஒன்றையொன்று குறுக்காகக் கடக்க வேண்டும்; இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே நேராக ஓட வேண்டும்; மூன்றுக்கும் நான்குக்கும் இடையே மீண்டும் குறுக்காகக் கடக்க வேண்டும். இணைப்பு எடுப்பது அந்த நேரான பகுதியின் மத்தியில். வெளி அடுக்கில் விழும் அலை நடுவுக்கு வந்து சேர அரை அலைநீளத்துக்குக் கிட்டிய தூரம் கூடுதலாகப் பயணிக்கிறது. அதனால் உள் அடுக்கின் அலை ஏறும்போது இது இறங்கும், இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். கம்பியைக் குறுக்காகக் கடத்தும்போது அந்தத் தலைகீழ் மீண்டும் நிமிர்ந்து, நான்கு அடுக்கும் ஒரே திசையில் இழுக்கின்றன. குறுக்கே கடக்கும் இடத்தில் கம்பிகள் ஒருபோதும் தொடக்கூடாது. ஒரு கம்பியில் பிளாஸ்ரிக் குழாய்த் துண்டொன்றை மாட்டிவிடுங்கள்.

கொழுவிக் கம்பி வேலை செய்யும். ஆனால் அதன் மேல் பூசிய மெருகை ஆணி இறுகும் இடத்தில் உரமாகச் சுரண்டாவிட்டால் தொடுகையே இராது. வெளியில் வைத்தால் ஒரு குளிர்காலத்தில் துருவும் ஏறும். தடித்த செம்புக் கம்பி எனக்கு மேலாகப் படுகிறது. 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பி வளைந்த நிலையிலேயே நிற்கும்; கம்பி தடிக்கத் தடிக்க அன்ரெனா பிடிக்கும் பட்டையும் அகலும். எல்லாவற்றுக்குமாக 6 மீற்றர் போதும். நாகம் (துத்தநாகம்) பூசிய ஆணியைச் செம்பின் மேல் நேராக இறுக்காதீர்கள். ஈரத்தில் இரண்டு உலோகமும் தொட்டிருந்தால் நாகம் அரித்துப்போகும். துருப்பிடிக்காத உருக்கு ஆணியும் அதே உருக்கில் வளையமும் போடுங்கள்.

பின்புறம் 11 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு கம்பிவலையைத் தெறிப்பியாக, அதாவது அலையைத் திருப்பி அனுப்பும் பரப்பாக, நிறுத்துங்கள். அது இல்லாவிட்டால் அன்ரெனா முன்னும் பின்னும் ஒரே அளவில் கேட்கும். உங்கள் பகுதியிலுள்ள அடுக்குமாடிகளில் பட்டுத் திரும்பும் அலைகளும் அதனுள் வந்து கலக்கும். வலையின் கண் 2 அல்லது 3 சென்ரிமீற்றர் இருந்தால் யூ.எச்.எஃப். அலைக்கு அது திண்ணிய தகடுதான்.

இணைப்பு எடுக்கும் இடத்தில் 300 ஓம்மிலிருந்து 75 ஓம்முக்கு மாற்றும் சிறிய மாற்றி வேண்டும். கடையில் 'பலன்' என்று கேட்டால் தருவார்கள். அங்கிருந்து ஆர்.ஜி.-6 கேபிள்.

மார்க்கம்வாசி எழுதியது:

செம்புக்கம்பி அவர்கள் செய்முறையை முழுமையாகச் சொல்லிவிட்டார். திசையையும் இடத்தையும் பற்றி நான் சேர்க்கிறேன்.

ஸ்காபரோவிலிருந்து பார்த்தால் சி.என். கோபுரம் தென்மேற்கில், சுமார் 20 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பஃபலோ நிலையங்கள் ஏரிக்கு அப்பால், தெற்கிலிருந்து சற்றே கிழக்கே சாய்ந்த திசையில் உள்ளன. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 60 பாகை வித்தியாசம். ஃபாக்ஸ் 29.1, பி.பி.எஸ். 17.1 ஆகியவற்றின் கோபுரங்கள் கிராண்ட் ஐலண்டில், உங்களிடமிருந்து சுமார் 85 கிலோமீட்டரில் நிற்கின்றன. என்.பி.சி. 2.1, சி.பி.எஸ். 4.1 ஆகியவற்றின் கோபுரங்கள் பஃபலோவுக்கும் தெற்கே, மலைப்பாங்கான பகுதியில், 130 கிலோமீட்டர் அளவில் இருக்கின்றன. உங்கள் சிறிய ஆன்டெனாவில் ஃபாக்ஸ் எட்டிப் பார்த்தும் என்.பி.சி.யும் சி.பி.எஸ்.ஸும் வராததற்கு முக்கியக் காரணம் இந்தத் தூர வித்தியாசம்தான்.

ஒரே ஆன்டெனா போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதும் என்பதே என் கருத்து. நான்கு அடுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதால், இந்த ஆன்டெனா மேல்கீழ்ப் பார்வையைக் குறுக்கிக்கொள்கிறதே ஒழிய, பக்கவாட்டில் பார்வை அகலமாகவே இருக்கிறது. ஆகவே அதை நேராகப் பஃபலோவை நோக்கித் திருப்பி நிறுத்துங்கள். 553 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து இவ்வளவு அருகே வரும் டொராண்டோ நிலையங்கள், ஓரத்திலிருந்து வந்தாலும் வலுவாகவே விழும். நகர மையத்தில் எழுந்த உயரமான கட்டடங்கள் ஒளிபரப்பை மறைத்ததும் எதிரொலித்ததும்தான் அந்தக் கோபுரம் அத்தனை உயரமாக எழுப்பப்பட்டதற்கு ஒரு காரணம். 1976இல் அது திறக்கப்பட்டதன் பலனை இன்றும் நாம் அனுபவிக்கிறோம். எட்டு அடுக்காக, இரண்டு பலகைகளைப் பக்கம் பக்கமாக வைத்துச் செய்யும் பெரிய வகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது பக்கவாட்டுப் பார்வையை ஒடுக்கிவிடும். உங்களுக்கு இரண்டு திசைகள் வேண்டும்.

எங்கே வைப்பது என்பது அளவைப் போலவே முக்கியம். எங்கள் வீட்டில் முதலில் பரணில் வைத்தோம். கூரை ஓடு நனைந்திருக்கும் நாட்களிலும், பனி மூடியிருக்கும் நாட்களிலும் பஃபலோ நிலையங்கள் நின்றுவிடும். அதே ஆன்டெனாவைக் கூரைக்கு மேலே கம்பத்தில் ஏற்றிய பிறகு சி.பி.எஸ். கூட நிலையாக வருகிறது. பரணில் அலுமினியத் தாள் ஒட்டிய காப்பு இருந்தால் அங்கே வைத்துப் பயனில்லை. தெற்கே பெரிய மரங்கள் இருந்தால், இலை உதிர்ந்த காலத்தில் சோதித்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். சூன் மாதத்தில் மறுபடியும் சோதித்துப் பாருங்கள். ராபிட்இயர்ஸ் என்ற இணையத்தளத்தில் உங்கள் இடத்தையும் ஆன்டெனாவின் உயரத்தையும் கொடுத்தால், எந்த நிலையம் எந்தத் திசையில், எந்த வலுவில் வரும் என்று பட்டியல் தரும். வேலையைத் தொடங்குமுன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

சில இரவுகளில் மட்டும் ஃபாக்ஸ் வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்ந்த ஏரிநீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதன் மேலே உள்ள காற்று சூடாகவும் இருக்கும்போது, அலைகள் வானத்துக்குத் தப்பிவிடாமல் நீர்ப்பரப்பை ஒட்டியே வளைந்து நெடுந்தூரம் செல்கின்றன. தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைத் தென்கடலோர ஊர்களில் மொட்டைமாடிக் கம்பங்களிலிருந்து நாங்கள் பார்த்தது கடல்மேல் வந்த அலைகளால்தான். ஆனால் அப்படி வருவதை நம்பி ஆன்டெனாவின் திசையை முடிவு செய்யக்கூடாது. வசந்தகாலத்து இரவொன்றில் எல்லாம் வருகிறதென்று ஆணியை இறுக்கிவிட்டால், மறுநாள் நண்பகலில் எதுவும் இராது. சாதாரணமான ஒரு பகற்பொழுதில், தொலைக்காட்சியின் சமிக்ஞை அளவுகோலைப் பார்த்துக்கொண்டே, மிகவும் பலவீனமான நிலையத்தை வைத்துத் திசையைச் சரிசெய்யுங்கள்.

ஏரிக்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கையளவு, தெறிப்பி, திசை எல்லாம் இப்போது தெளிவாகிவிட்டன. வீட்டில் மூன்று தொலைக்காட்சிகள் இருப்பதால் கேபிளைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அதற்காகக் கடையில் விற்கும், சமிக்ஞையின் வலுவைக் கூட்டும் பெருக்கி ஒன்றை வாங்கலாமா? மேலும், கூரையில் கம்பம் ஏற்றினால் இடி மின்னலுக்கு என்ன செய்வது என்று அம்மா கவலைப்படுகிறார். ஒரு தொலைக்காட்சி ஊரிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்தது; அதுவும் இதில் வேலை செய்யுமா?

முகட்டுவளை எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவில் ஒளிபரப்பாவது ஏ.ரி.எஸ்.சி. என்ற எண்ம முறை, இலங்கையிலோ இந்தியாவிலோ விற்பனையான தொலைக்காட்சிப் பெட்டியின் அலைவாங்கி இதைப் புரிந்துகொள்ளாது. வெளியே ஒரு ஏ.ரி.எஸ்.சி. மாற்றுப்பெட்டியை வாங்கி எச்.டி.எம்.ஐ. வழியே இணைத்தால் அந்தப் பெட்டியும் பயன்படும்.

பெருக்கி பற்றி. எண்ம ஒளிபரப்பில் அரைகுறைப் படம் என்று ஒன்று இல்லை. சமிக்ஞை ஒரு மட்டத்துக்கு மேலே இருந்தால் படம் முழுமையாக வரும். அந்த மட்டத்துக்குக் கீழே போனால் உடைந்து கறுத்துவிடும். அந்த மட்டத்தைத் தீர்மானிப்பது சமிக்ஞையின் தனி வலு அன்று, இரைச்சலோடு ஒப்பிடும்போது அது எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதே. அன்ரெனாவில் விழாத ஒன்றைப் பெருக்கியால் உருவாக்க முடியாது. அது ஈடுசெய்வது கேபிளிலும் பிரிப்பியிலும் தொலையும் இழப்பை மட்டுமே. அந்த இழப்புச் சிறியதன்று என்பதும் உண்மை. ஆர்.ஜி.-6 கேபிள் இந்த அலைவரிசையில் 30 மீற்றருக்கு 5 டெசிபெல் (சமிக்ஞை கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) அளவில் விழுங்குகிறது. நான்கு வழிப் பிரிப்பி மேலும் 7 அல்லது 8 டெசிபெல் விழுங்குகிறது. ஓரளவுக்கு மட்டும் தப்பி வரும் பஃபலோ நிலையங்களை இது முற்றாக அணைத்துவிடும்.

ஆகவே உங்கள் வீட்டுக்குப் பெருக்கி தேவைப்படும். ஆனால் அது தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் அல்ல, கம்பத்திலேயே, அன்ரெனாவுக்கு அடியில் இருக்க வேண்டும். இழப்பு நிகழ்ந்த பிறகு பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் பெருக்க அளவைப் பார்க்காதீர்கள். இரைச்சல் எண் (பெருக்கி தானாகச் சேர்க்கும் இரைச்சலின் அளவு) 2 டெசிபெல்லுக்குள் இருக்கிறதா, வலுவான சமிக்ஞையைத் தாங்குமா என்று பாருங்கள். உங்கள் இடத்தில் சி.என். கோபுரம் இத்தனை அருகே இருப்பதால், 30 டெசிபெல் பெருக்கம் உள்ள மலிவான பெருக்கி திணறிப்போய், அதுவரை நன்றாக வந்த நிலையங்களையும் கெடுத்துவிடும். 15 டெசிபெல் போதும். பெருக்கிக்கு முன்னால் 608 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே வெட்டும் கைத்தொலைபேசி வடிகட்டி ஒன்றையும் போடுங்கள். 617 மெகாஹேர்ட்ஸிலிருந்தே இப்போது கைத்தொலைபேசி அலைகள் தொடங்குகின்றன, பக்கத்துத் தெருவில் கோபுரம் இருந்தால் அவை பெருக்கியை நிறைத்துவிடும். முதலில் பெருக்கி இல்லாமல், ஒரு தொலைக்காட்சியை மட்டும் நேராக இணைத்து என்ன வருகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கியைப் போட்ட பின்னர் அந்தப் பட்டியலில் ஒன்றாவது குறைந்தால், பெருக்கம் கூடிவிட்டது என்று பொருள்.

அம்மாவின் கவலை மிகவும் நியாயமானது. இதை யாரும் இரண்டாம்பட்சமாக எண்ணக்கூடாது. கம்பத்தையும், வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளின் வெளிக் கவசத்தையும், வீட்டின் மின்னிணைப்பு ஏற்கெனவே நிலத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும் அதே இடத்தோடு தடித்த செம்புக் கம்பியால் இணைக்க வேண்டும். தனியாக ஓர் இரும்புக் கோலை மண்ணில் அடித்துவிட்டு, அதை மற்றதோடு பிணைக்காமல் விடுவது ஆபத்தைக் கூட்டும். மின்னல் அருகில் விழும்போது இரண்டு நிலங்களுக்கும் இடையே எழும் மின்னழுத்தம் உங்கள் தொலைக்காட்சிக்குள்ளாகவே பாயும். இந்த ஒரு வேலையை உரிமம் பெற்ற மின்னியலாளரிடம் விட்டுவிடுங்கள். நேராக விழும் மின்னலை இதுவும் தடுக்காது. காற்றாலும் பனியாலும் கம்பத்தில் சேரும் நிலைமின்னையும், அருகில் விழும் மின்னலின் அதிர்ச்சியையும் பெரிதும் குறைக்கும். கம்பத்தை நிமிர்த்தும்போது அது எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பிகளைத் தொடாத தூரம் இருக்கிறதா என்று தரையில் நின்று அளந்துவிட்டு ஏறுங்கள். தனியாக ஏற வேண்டாம்.

இவ்வளவு சிரமத்துக்கும் கிடைக்கும் பலன் கட்டணம் மிஞ்சுவது மட்டுமன்று. ஓர் அலைவரிசையில் நொடிக்கு 19.39 மெகாபிற் வரை வான்வழியே வருகிறது. கேபிள் நிறுவனங்கள் அதை மேலும் நெருக்கி அனுப்புவதுண்டு. ஹொக்கிப் பனித்தளத்தில் ரப்பர் வட்டு ஓடும்போது அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அமெரிக்க நிலையத்தில் ஓடும் நிகழ்ச்சி அதே நேரத்தில் கனடிய நிலையத்திலும் ஓடினால், கேபிளில் அமெரிக்க எண்ணைத் திருப்பினாலும் கனடிய ஒளிபரப்பையே காட்டுவார்கள். அன்ரெனாவில் பஃபலோவின் ஒளிபரப்பு உள்ளபடியே வரும்.

செம்புக்கம்பி எழுதியது:

முகட்டுவளை சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். சி.ரி.வி. 9.1 உடைவதைப் பற்றி நான் முதலில் சொல்லாமல் விட்டதை இங்கே சேர்க்கிறேன். அது யூ.எச்.எஃப்.புக்குக் கீழேயுள்ள வி.எச்.எஃப். பட்டையில் வருகிறது, நாம் செய்யும் பலகை யூ.எச்.எஃப்.புக்கு உரியது. கோபுரம் அருகில் இருப்பதால் இந்தப் பலகையிலேயே வந்துவிடவும் கூடும், ஆகவே முதலில் பாருங்கள். வராவிட்டால், 38 சென்ரிமீற்றர் நீளமுள்ள இரண்டு அலுமினியக் குழாய்களை ஒரே நேர்கோட்டில், நடுவே இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, ஒரு பிளாஸ்ரிக் துண்டில் பொருத்துங்கள். அதன் அகலப்பக்கம் தென்மேற்கைப் பார்க்கட்டும். அதற்கும் தனியாக ஒரு மாற்றி போட்டு, பலகையிலிருந்து குறைந்தது ஒரு மீற்றர் கீழே அதே கம்பத்தில் கட்டிவிடுங்கள்.

இரண்டு கேபிளையும் சேர்க்கச் சாதாரணப் பிரிப்பியைத் திருப்பிப் போடாதீர்கள். அது இரண்டு பக்கமும் 3.5 டெசிபெல் இழக்கச் செய்வதோடு, இரண்டு அன்ரெனாக்களிலும் விழும் ஒரே நிலையத்தின் அலைகள் முட்டிக்கொள்ளவும் இடம் கொடுக்கும். வி.எச்.எஃப்., யூ.எச்.எஃப். என்று இரண்டு வாயில்கள் கொண்ட இணைப்பி தனியாகக் கிடைக்கிறது. அது ஒவ்வொரு பட்டையையும் அதற்குரிய அன்ரெனாவிலிருந்து மட்டும் எடுக்கும். சில கம்பப் பெருக்கிகளில் இந்த இரண்டு வாயில்களும் உள்ளேயே இருக்கின்றன, அப்படியொன்றை வாங்கினால் இணைப்பி தேவையில்லை. எல்லாம் பொருத்தியானதும் மூன்று தொலைக்காட்சியிலும் புதிதாகத் தேடவிடுங்கள். கேபிள் என்றிருக்கும் தெரிவை அன்ரெனா அல்லது வான்வழி என்று மாற்றாவிட்டால், எத்தனை முறை தேடினாலும் ஒரு நிலையமும் அகப்படாது.